பத்து விரலும் பூசாத சுவரும்

1955 ஜனவரி 19, புதன்

மழை விட்டது. கிணற்றுத் தண்ணீர் இன்னும் கலங்கல்தான். காலையில் இடியப்ப மாவு கட்டி விழுந்ததற்கு உம்மா என்னை ஏசினா. நான் சொல்லிக் கொடுத்துத்தான் மாவு கட்டி விழுந்ததுபோல.

மூத்தவ றஹீமா ராத்தாவின் கல்யாணத்தோடு எங்கள் பழைய வீடு அவவுக்குப் போய்விட்டது. இங்கே பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியேறுவார். எனக்கென்று அதே வளவில் வாப்பா தொடங்கிய வீட்டுக்குக் கூரை போட்டு மூன்று மாரி போய்விட்டது, சுவர் இன்னும் பூசவில்லை. கட்டிக்கொண்டிருந்த மேசன் வாப்பாவோடு கொழுவிக்கொண்டு போனவன் போனவன்தான். செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பூசாத வீட்டைக் காட்டி மாப்பிள்ளை கேட்க வாப்பாவுக்கு வெட்கம். எனக்கு இருபத்திமூன்று வயது. நாங்கள் மூவரும் குசினியோடு ஒட்டிய ஓலை அறையில் கிடக்கிறோம், வீடு பக்கத்தில் சும்மா நிற்கிறது.

பள்ளி மினாரா முடிந்ததும் காலிதீன் மேசன் எங்கள் வீட்டைப் பூசித் தருவார் என்று வாப்பா பேசி வைத்திருக்கிறார். மேசன் இந்தியாவில் கீழக்கரைக்காரர். பெர்மிட்டில் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம் என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. சுவரையும், அவரையும்.

ஜனவரி 24, திங்கள்

ராத்தாவின் மாப்பிள்ளை கபூர் மச்சான் மூச்சு வாங்க ஓடிவந்தார். நல்ல செய்திக்கு அவர் ஓடுவதில்லை.

பொத்துவில் பக்கம் களவாகத் தோணிகள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றனவாம். அதனால் பிறநாட்டார் எல்லாரும் பொலிசுக்குப் போய்ப் பத்து விரலும் பதிய வேண்டும் என்று கட்டளை. பதிந்தால்தான் பெர்மிட். பெர்மிட் இல்லாவிட்டால் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டியதுதான்.

எங்கள் மேசன் இன்று போயிருக்கிறார். கல்முனைப் பொலிசின் அழகரெத்தினம் சார்ஜன் கொழும்பில் இந்த வேலை படித்துவிட்டு வந்தவர். மையை உருட்டி, விரலை உருட்டி, கடுதாசியைத் தூக்கிப் பார்த்தாராம். பத்தும் பத்து நாவற்பழம்! ஒரு கோடு கிடையாது. கழுவிவிட்டு மறுபடி பதித்தாலும் அதே நாவற்பழம்.

“ரேகைய என்ன செய்தனீர்?” என்று சார்ஜன் கேட்டாராம்.

“சுண்ணாம்பு தின்னுட்டுதுங்க ஐயா.”

சார்ஜன் நம்பவில்லை. மை பிழையோ என்று தன் விரலைப் பதித்துப் பார்த்தார், சரியாக வந்தது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர்களின் விரல்களையும் பதித்துப் பார்த்தார், அதுவும் சரி. பின்னேரம் ஆகும்போது பார்த்தால் ஸ்டேசனில் உள்ள எல்லாப் பொலிஸ்காரர்களின் கைரேகையும் பதிவாகிவிட்டது, மேசனுடையது மட்டும் இல்லை. கபூர் மச்சான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். அந்த மனிதர் கப்பல் ஏறினால் மினாரா அரைவாசியில் நிற்கும். என் சுவர்? என் சுவரை ஆர் பூசுவது?

ஜனவரி 25, செவ்வாய்

வாப்பா சோறு தின்னவில்லை. மினாராவுக்காக. எனக்காகவும் எள்ளுப்போல இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 28, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் மரைக்கார்மார் கூட்டம். இங்கே ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளியில் ஒரு மரைக்கார், அவர்களில் வாப்பாவும் ஒருவர். சார்ஜனின் பெரியவர்கள் கொழும்பிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம்: சுண்ணாம்பு தொடாமல் கொஞ்சக் காலம் இருந்தால் தோல் திரும்பி வளரும், ரேகையும் வரும். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் பதிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தவணை கிடையாது.

ஆகவே தீர்மானம்: மேசன் இனி எதையும் தொடக்கூடாது. சுண்ணாம்பு, செங்கல், கயிறு, மண்வெட்டி, ஒன்றும். ஒவ்வொரு குடியும் முறை வைத்து அவருக்குச் சோறு கொடுக்க வேண்டும். தங்குவது எங்கள் பூசாத வீட்டில். வாப்பாதான் முந்திக்கொண்டு சொன்னாராம்.

அச்சிமுகம்மது மரைக்கார் எழும்பி, “ஸைனுலாப்தீன் மரைக்காரு, ஒங்கட வளவுல பூசாத செவர் இரிக்கி. அதக் கண்டா மேசன்ட கை சும்மா இரிக்குமா?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் வாப்பாவும் அவரும் கிழக்கும் மேற்கும். அவர் கேட்டதாலேயே வாப்பா இரண்டு மடங்கு சத்தம் போட்டு மேசனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இடையில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி கட்டினார்கள். வேலியைக் கட்டும்போது மேசன் தானும் ஒரு கை பிடிக்கப் போக, நாலு பேர் “அல்லாஹ்வே!” என்று கத்தினார்கள்.

பெப்ரவரி 3, வியாழன்

கை ஒன்றிலும் படாமல் இருக்க, வாப்பாவின் பழைய சாரனில் இரண்டு பை தைத்துத் தரச் சொன்னார்கள். கையின் அளவு கேட்டேன். “அளவெடுக்க நீ என்ன டெய்லரா?” என்று உம்மா பாய்ந்தா. சரி என்று ஒரு மதிப்பில் தைத்தேன். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கோழி அடை கிடக்கலாம். மணிக்கட்டில் சுருக்குக் கயிறு. அதைப் போட்டுக்கொண்டு மேசன் அஸருக்குப் பள்ளிக்குப் போனதைப் பார்க்கத் தெருவே வாசல் கடப்படியில் நின்றது.

எண்ணெய்களும் வந்து சேர்ந்தன. சம்மாந்துறையிலிருந்து எருமை நெய். ஒலுவிலிலிருந்து சுறா எண்ணெய். மருதமுனையிலிருந்து ஏதோ வேர் போட்டுக் காய்ச்சியது, அது என்ன வேர் என்று சொல்லமாட்டார்களாம். ஒருவர் மனமும் நோகக்கூடாது என்று மேசன் எல்லாவற்றையும் பூசிக்கொள்கிறார். வளவுப் பூனைகள் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

பெப்ரவரி 9, புதன்

குடிக்குக் குடி போட்டி. முதல் முறைக்காரர் சூரை மீன் ஆணமும் சோறும் அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட அடுத்தவர் கோழி. அதற்கடுத்தவர் ஆட்டிறைச்சி. இன்று புரியாணி, எருமைத் தயிர், கித்துள் பாணி. மேசன் வந்தபோது வேலிக் கம்புபோல இருந்தார் என்று கபூர் மச்சான் சொல்கிறார். இப்போது சட்டைப் பொத்தான் பூட்டுவதில்லை. பொத்தான் பூட்டினால் விரல் தேயும் என்பதற்காகவாம். பூட்டினாலும் எட்டாது என்பது என் எண்ணம்.

கரண்டியால்தான் சாப்பிட வேண்டும் என்று வேறு சட்டம். பைக்குள் கை, கையில் கரண்டி. பாதிச் சோறு பூனைகளுக்கு. “எங்க ஊர்ல மாப்பிளைக்குக்கூட இப்புடிச் செய்யமாட்டாங்க” என்று அவர் சொல்வது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. குரல் நன்றாகத்தான் இருக்கிறது. அதை எழுதுவதில் என்ன பிழை?

பெப்ரவரி 14, திங்கள்

இன்று ஒன்றுமில்லை. எங்கள் சுவரைப் பார்த்து மேசன் பெருமூச்சு விட்டது மட்டும் அடிக்கடி கேட்டது.

பெப்ரவரி 18, வெள்ளி

ஹாஜறா மாமி வட்டிலப்பம் கொண்டு வந்தா. இன்று அவ குடியின் முறைகூட இல்லை. அச்சிமுகம்மது மரைக்காரின் கூடப் பிறந்தவ. சுஹறா, நதீரா என்று இரண்டு குமர்கள், இரண்டு பேருக்கும் வீடு இல்லை, அத்திவாரம் மட்டும் இருக்கிறது. அதில் ஆடு கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு நாளும் ஊருக்கு மேசன் என்றால் சுண்ணாம்பு அப்பிய ஒரு உருவம், கண் மட்டும் தெரியும். இப்போது குளித்து, எண்ணெய் பூசி, நிழலில் இருந்து, வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக வெளியில் வந்தால் குமர் வைத்திருக்கிற தாய்மாருக்கெல்லாம் ஒரே நேரத்தில் கண் திறந்துவிட்டது. மருமகன் மேசனாக வந்தால் வீட்டைத் தானே கட்டிக்கொண்டு தானே குடியேறுவார்! பிறநாட்டார், பெர்மிட், கைரேகை எல்லாம் ஆருக்கு வேண்டும்?

உம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிகிறது. “என்ட வளவுக்குள்ள இரிந்துக்கிட்டு அவட வட்டிலப்பத்தத் திண்டுறாரு! இதுக்கா நான் வேலி கட்டின?” என்று குசினிக்குள் சட்டிகளோடு சண்டை.

எனக்கும் எரிகிறது. மறைப்பானேன். பை தைத்தது நான், வட்டிலப்பத்தால் மாப்பிள்ளை எடுப்பது அவ.

பெப்ரவரி 25, வெள்ளி

சார்ஜன் பெரிய பூதக்கண்ணாடியோடு வந்தார். மேசனை வாசலில் வெயிலுக்கு இருத்தி ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். வலது நடுவிரலில் ஒரு சுழி தெரிகிறது என்று அவர் கூவியதும் வளவெல்லாம் சந்தோஷம், பிள்ளை பிறந்த வீடுபோல. உம்மா கண்ணைத் துடைத்தா. கபூர் மச்சான் தானும் பார்க்க வேண்டும் என்று கண்ணாடியைப் பறித்தார்.

“எங்கட தங்கேஸ்வரி ஏசுறா மரைக்கார்” என்றார் சார்ஜன், தேத்தண்ணி குடித்துக்கொண்டு. “இருபது வருசமா என்ட முகத்தை ஒருநாள் இப்படிப் பாத்தீங்களா எண்டு கேக்கிறா.” தங்கேஸ்வரி அவர் பெண்சாதி.

ஆனால் பிறகு குரலைத் தாழ்த்தினார். இடது கைப் பெருவிரலும் இன்னும் மூன்று விரலும் வெறும் தோலாம். சித்திரைக்குள் வருமோ வராதோ, சொல்ல முடியாதாம். வராவிட்டால் அவர் என்ன செய்வார், அவருடைய உத்தியோகம். “நல்ல மனிசன் மரைக்கார். ஆனா நான் விரலத்தானே அனுப்பவேணும், மனிசனயில்லயே” என்றார்.

அதற்குப் பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்ப் போத்தல்களைத் திறக்கிற சத்தம் கேட்டது.

மார்ச் 2, புதன்

வாப்பா வெள்ளாமை வெட்டுக்குச் சம்மாந்துறை வயலுக்குப் போய்விட்டார். சூடு மிதித்து நெல் வண்டில் ஏறும் மட்டும் வாடிக் குடிசையில்தான் இருப்பார்.

இரண்டு மூன்று நாளாக யோசித்தேன். மேசன் போனால் போனதுதான். இன்னொரு மேசனை வாப்பா பிடித்து, அவனோடும் கொழுவி... அதற்குள் எனக்குத் தலை நரைக்கும். சுண்ணாம்புக் கிடங்கில் நீற்றின சுண்ணாம்பு ஒரு கிடங்கு கிடக்கிறது. மணல் கடற்கரையில் கிடக்கிறது. தெரிந்தவர் ஒருவர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். வீடு பெண்ணுக்கு என்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கும் இரண்டு கை இருக்கிறது என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

உம்மாவிடம் சொன்னேன். உம்மா வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டா.

மார்ச் 3, வியாழன்

உம்மா சம்மதித்தா. காரணம் நான் இல்லை. இன்று ஹாஜறா மாமி மறுபடியும் வந்தா.

மார்ச் 7, திங்கள்

தெருப் பக்கம் தெரியாமல் பாய்களைத் தொங்கவிட்டோம். கடப்படியில் ராத்தா காவல். உம்மா சாந்து குழைக்கிறா. நான் பூசுகிறேன். மேசன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் இருந்து, வேலியில் ஒரு ஓட்டை வழியாகச் சுவரைப் பார்க்கிறார்.

என்னோடு கதைக்கக்கூடாதே, அதனால் சுவரோடு கதைக்கிறார். “இந்தச் செவத்துல சாந்து தண்ணியாருக்கு. இப்புடிப் பூசுனா மத்தியானமே கீழ வந்துரும்.” நான் வாளிக்குச் சொன்னேன்: “வந்தா வரட்டும், திருப்பி எடுத்துப் பூசுவம்.” மத்தியானம் சொன்னபடியே கீழே வந்தது. உம்மாவின் தலையில்.

சாந்தகப்பையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால் “தோசை ஊத்துற மாதிரி” என்றார். இங்கே தோசை ஆர் ஊற்றுகிறார்கள்? பிறகு “ரொட்டிக்கு மாவு தட்டுற மாதிரி” என்று மாற்றினார். அது பிடிபட்டது. முதல் சுவர் முழுக்க ரொட்டி ரொட்டியாக இருக்கிறது.

கை எரிகிறது. இரவு தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். ஆனால் சந்தோஷம். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எவ்வளவு காலம் என்று தெரியவில்லை.

மார்ச் 12, சனி

இன்று ஜன்னல் மூலை. அந்த மூலை எனக்கு வரவேயில்லை. பூச, விழ. பூச, விழ. “கொஞ்சம் அழுத்துங்க... அழுத்துங்கன்னா... ஐயோ...” என்று அவர் துடித்துக்கொண்டிருந்தார். திரும்பினால் கிடுகைப் பிரித்துக்கொண்டு ஒரு கை உள்ளே வருகிறது. பை இல்லாத கை! நேரே ஈரச் சாந்துக்கு.

“எடுங்க கைய!” என்று மட்டப்பலகையால் ஒரு போடு போட்டேன். புறங்கையில்தான், விரலில் படவில்லை.

கை போய்விட்டது. அல்லாஹ்வே, பிறத்தி ஆம்பிளையை அடித்துவிட்டேனே என்று மட்டப்பலகையைக் கீழே போட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அடக்கி அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு. உம்மா என்னைப் பார்த்தா, நான் உம்மாவைப் பார்த்தேன். நாங்களும் சிரித்துவிட்டோம்.

பிறகு அவர் சுவருக்குச் சொன்னார்: “இந்தக் கை இருந்தா போதும். மூலை வந்துரும்.”

வந்தது.

மார்ச் 20, ஞாயிறு

கபூர் மச்சான் பள்ளியில் கேட்ட கதை. விரல் பதிந்து முடிந்ததும் ஹாஜறா மாமி மூத்தவ சுஹறாவுக்கு மேசனைப் பேசப் போறாவாம். அச்சிமுகம்மது மரைக்காரே மேசனிடம் வாயைக் கொடுத்துப் பார்த்தாராம். மேசன் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட வீட்டுக்கு இல்லையென்று சொல்ல வாய் வருமா?

இன்று பூசவில்லை. தலையிடி என்று உம்மாவிடம் சொன்னேன். தலையிடி இல்லை. வீடு வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது வீடு மட்டும் போதாது என்று இருக்கிறது. இதை ஆரிடம் சொல்ல? உம்மா உரலில் மாவை இடிக்கிற இடியைப் பார்த்தால் அவவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“செவரு இன்னைக்கு வரலையா?” என்று வேலி கேட்டது.

மார்ச் 24, வியாழன்

வாப்பா சொல்லாமல் வந்துவிட்டார். ராத்தா காவலில் தூங்கிவிட்டா.

நாலு சுவரும் வெள்ளை வெளேரென்று நின்றன. வாப்பா நாலையும் சுற்றிப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றி நிலத்தில் அடித்தார். “மேசன்! ஊரெல்லாம் சோறு போட்டு வளத்த வெரல் மேசன்! என்ட செவரால கெட்டுப் போச்சே! அச்சிமுகம்மது சொன்னது சரியாப் போச்சே!” கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மேசன் ஓடிவந்தார். வாப்பா பைகளைப் பிடுங்கி எறிந்து விரல்களை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது, பத்திலும் கோடு கோடாக.

“அப்ப ஆரு பூசின?”

உம்மா முந்தானைக்குள் கையை ஒளித்தா. நான் ஒளிக்கவில்லை, ஒளித்து என்ன? வெடித்து, வெளிறி, சாந்து நகத்துக்குள் ஏறின கை. வாப்பா என் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

“இந்த மூல நல்லா வந்திரிக்கி” என்றார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

ஏப்ரல் 1, வெள்ளி

எழுத முடியவில்லை. சிரித்துச் சிரித்து.

ஜும்ஆ முடிந்ததும் சார்ஜன் பள்ளி வாசலுக்கு வந்தாராம். விரல் சரி, ஆனால் கட்டளையில் இன்னொன்றும் இருக்கிறதாம். இந்தப் பிறநாட்டாருக்கு இங்கே ஆர் ஆட்கள், ஆர் பொறுப்பு நிற்பது என்று எழுத வேண்டும். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்ப முன்னம், அச்சிமுகம்மது மரைக்கார் பாய்ந்து எழும்பிவிட்டார். வாப்பா முந்திவிடக்கூடாதே!

“எழுதுங்க ஐயா! அவரு எங்கட குடிப் புள்ள. என்ட உம்மா பெத்த புள்ளயப்போல. அவருக்கு எங்கட குடி பொறுப்பு!”

பள்ளி நிறைந்த சனம். மரைக்கார்மார் எல்லாரும் ஓம் என்றார்கள். கத்தீபு துஆவும் ஓதிவிட்டார். வாப்பா தோற்றுப்போன முகத்தோடு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க முன்னம் உம்மா கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கூவினா.

“என்ன புள்ள, நான் தோத்திட்டு வந்திரிக்கன்...”

“மரைக்காரு, ஒங்களுக்கு வெளங்கல்லியா? ஹாஜறாட குடியும் அதுதானே! மக்கள்மாருட குடியும் அதுதானே! ஒரே குடிக்குள்ள மாப்புள எடுக்கலாமா? அந்த ரெண்டு குமருக்கும் மேசன் இப்ப கூடப் பொறந்த காக்கா!”

வாப்பா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு இருமல் வரும் மட்டும் சிரித்தார். நான் குசினிக்குள் ஓடிவிட்டேன். எங்கள் உம்மாவின் குடி வேறு.

ஏப்ரல் 2, சனி

ஹாஜறா மாமி தன் காக்கா அச்சிமுகம்மது மரைக்காரோடு கதைக்கிறாவில்லையாம். வட்டிலப்பச் சட்டியைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினா.

ஏப்ரல் 6, புதன்

பதிந்தாகிவிட்டது! பத்து விரலும்! சார்ஜன் கடுதாசியைக் காய வைத்து எல்லாருக்கும் காட்டினாராம். கல்முனையில் இதுமாதிரித் தெளிவான ரேகை தான் பதிந்ததில்லையாம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியதுபோல அதைக் கொழும்புக்கு அனுப்பினார்.

மேசன் நேரே மினாராவுக்குப் போய்ச் சாரத்தில் ஏறிவிட்டார். பை வேலியில் தொங்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. பூனைகள் குசினிக்குத் திரும்பி வந்துவிட்டன.

ஏப்ரல் 9, சனி

பராஅத் இரவுக்கு ரொட்டி சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். அச்சிமுகம்மது மரைக்கார் வீட்டுக்கும். கொண்டுபோன கபூர் மச்சான் ரொட்டியைக் கொடுத்துவிட்டு வேறொரு கதையையும் சொல்லிவிட்டு வந்தார். மேசனுக்குப் பெரியவர் இனி அவர்தானே, எனக்கு மாப்பிள்ளை கேட்கிறதை அவரிடம்தானே கேட்க வேண்டும்? மரைக்கார் மேசனைக் கூப்பிட்டுக் கேட்டாராம். மேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்: “அந்த வீட்டுச் செவர எனக்கு நல்லாத் தெரியுமுங்க.”

உம்மா என்னிடம் வந்து, “உனக்குச் சம்மதமா மகள்?” என்று கேட்டா. நான் வாளிக்குப் பதில் சொன்னேன்.

மே 29, ஞாயிறு

நோன்புப் பெருநாள் முடிந்து நேற்று நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் என்று ஊர்வலத்தில் முன்னுக்கு வந்தது ஹாஜறா மாமி. வரத்தானே வேண்டும், குடிக்காரி! கூறைத் தட்டை என் கையில் தரும்போது அவவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சுஹறாவும் நதீராவும் பாவம், நல்ல பிள்ளைகள், என்னை “மச்சி” என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

வீடு என் வீடு. அதற்குள் அவர் விருந்தாளி மாதிரி ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே நின்றார். “உள்ளுக்கு வாங்க” என்றேன். அவரிடம் நேரே சொன்னது இதோடு இரண்டாம் தரம்.

1956 ஜனவரி 11, புதன்

கொப்பி எங்கோ போய், இன்றுதான் அரிசிப் பெட்டிக்குள் இருந்து வந்தது.

காலையில் அழகரெத்தினம் சார்ஜன் வந்தார். பெர்மிட் வருஷம் ஒன்றுக்குத்தானாம். சித்திரைக்கு முன் மறுபடியும் பத்து விரலும் பதிய வேண்டும், வருஷா வருஷம். ஆகவே இன்றிலிருந்து எங்கள் மேசன் சுண்ணாம்பு தொடக்கூடாது. மினாரா முடிந்துவிட்டது, நல்ல காலம். நான் தேத்தண்ணி வைத்தபோது சார்ஜன் கோப்பையை விட்டுவிட்டு என் விரல்களையே பார்த்தார். கிணற்றுக் கட்டும் குசினியும் நான் பூசினது, விரல் பத்தும் வழவழவென்று இருக்கிறது.

“தங்கச்சி, நீங்க இந்த நாட்டுல பொறந்தது நல்லதாப் போச்சு” என்றார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் ஹாஜறா மாமி. உட்காரவே இல்லை. அத்திவாரத்தில் ஆட்டை அவிழ்த்துவிட்டு அறுவடை நெல்லை விற்றுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். இனிப் பூச வேண்டும். “தங்கச்சிமாருக்கு வீடு முடிச்சிக் குடுக்கிறது காக்காட கடம. குடியெண்டா குடிதான். எப்ப வாறாரு?” என்றா.

சார்ஜன் சொன்னதைச் சொன்னேன். மாமி வாசலைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா, ஜன்னல் மூலையைப் பார்த்தா. பிறகு குரல் மாறிப்போய், “அப்ப நீ வரமாட்டியா மனே?” என்று கேட்டா.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வருகிறேன், சுஹறாவும் நதீராவும் சாந்து குழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குத் தொடக்கம்.

மாமி போனதும் உம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றா. “நீ செவர் பூசப் போறாய். நான் சாந்து பாக்கப் போறன். அப்ப இந்த வீட்டுல சோறு ஆரு ஆக்கிற?”

குசினிக்குள்ளிருந்து என் மேசனின் குரல் கேட்டது. “அரிசி கழுவுனா ரேகை போகாதாம். சார்ஜன்கிட்டக் கேட்டுட்டேன்.”